சூரியனோடு சேர்ந்துபோன வள்ளியூர்

"நேத்து தெரியாம சூரியனை அழிச்சிட்டேன்லே. வள்ளியூரும் சேந்து போயிருச்சு."

நாகர்கோவில் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த தாடிக்காரன் சொன்னது இது. என் கையில் இருந்தது வள்ளியூர் டிக்கெட். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சூரியன் இருந்தது. வள்ளியூரைப் பற்றித்தான் கவலை.

அவன் பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "கிரகத்துக்கு நம்ம ஊர்ப் பேரை வைக்காதன்னு அன்னைக்கே சொன்னேன்."

"பேரா இப்பம் முக்கியம்? அந்த விண்வெளிக் கம்ப்யூட்டர் விளையாட்டுல சேக்கதுக்கு நம்ம புரோகிராமை இன்னைக்கு அனுப்பணும். ஊர் உலகமே பிரிச்சுப் பாக்கும். ஒரு நட்சத்திரத்தை அழிச்சா அதைச் சுத்துத கிரகமெல்லாம் சொல்லாமக் கொள்ளாமப் போவுதுன்னா எவன்லே சேத்துக்கிடுவான்? ஆறு மாச உழைப்பு."

"பைய யோசிலே. அழிக்கதுக்கு முன்னால, 'இதைச் சுத்துததும் போயிரும், சம்மதமா'ன்னு கேக்க வச்சா?"

"வேண்டாம்னு சொன்னா?"

"எல்லாம் அங்கன அங்கன இருக்கும்."

'வேண்டாம்' என்று கத்திவிடாமல் இருக்க நான் பட்ட பாடு! தாடிக்காரன் சிரித்துக்கொண்டே அந்தக் கேள்வியைத் தன் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்.

"வள்ளியூர்லாம் இறங்கு" என்றார் கண்டக்டர். ஊர் இருந்தது. ஆனாலும் முதலில் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்தேன்.