மீட்டர் சூடேறும்வரை

பழுது: ...அட, நானே சாத்திட்டேன் கதவை. மீட்டரைப் போட்டாச்சா?

தசமம்: இப்பத்தான். உங்க பைக் உள்ள நுழையுது, நான் சுவிட்சைத் தட்டறேன்.

பழுது: அப்போ அரை மணி நேரம்?

தசமம்: அரை மணி நேரம். அது சூடேறினாத்தான் வோல்ட்டைத் துல்லியமா காட்டும், உட்காருங்க. ஃபேனைப் போடாதீங்க, காத்து பட்டா கோவிச்சுக்கும். அதும்மேல எதுக்குக் கையை வைக்கப் போறீங்க? எடுங்க!

பழுது: தொடக்கூடக் கூடாதா? நான் இங்க வேர்த்து ஊத்தறேன், என்னைக் கேக்க நாதியில்லை.

தசமம்: நீங்களும் ஒரு வோல்ட்டை ஆறு இலக்கத்துக்குச் சொல்லுங்க. உங்களையும் அப்படித் தாங்கறேன்.

பழுது: முதல் மூணு இலக்கம் போதும், உலகமே அதுலதான் ஓடுது. கடைசி இலக்கத்துக்காக அடிச்சுக்கற ஒரே ஆள் நீங்கதான். சும்மாவா தசமம்னு பேர் வச்சாங்க?

தசமம்: உங்களுக்கும் சும்மா வைக்கலையே.

பழுது: பழுது பாக்கறவன்னு வச்சாங்கம்மா! பாதியை முழுங்கிட்டாங்க.

தசமம்: சரி சரி, பிளாஸ்க்ல டீ இருக்கு, எடுங்க.

பழுது: வேண்டாம்... இன்னிக்கு என்னமோ...

தசமம்: டீ வேண்டாமா? நீங்களா? உடம்புக்கு என்ன?

பழுது: உடம்பு நல்லாத்தான் இருக்கு. நேத்து முதலாளி கூப்பிட்டு ஒண்ணு சொன்னாரு.

தசமம்: ஐயையோ, வேலையை விட்டு...

பழுது: வாயைக் கழுவுங்க! பேட்டரி வாங்கிட்டாராம், பெருசா. இன்னிக்கு மாட்டிடுவாங்க. இனிமே ராத்திரி கரண்ட் போனாலும் மீட்டர் அணையாது. எப்பவும் சூடாவே ஓடிக்கிட்டிருக்கும்.

தசமம்: ஓ...

பழுது: காலையில வந்ததும் நேரா வேலைதான். இந்த உட்கார்ற கதையே கிடையாது.

தசமம்: ஓ.

பழுது: என்ன ஓ? சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா...

தசமம்: யார் இல்லேன்னது? மீட்டருக்கு நல்லதுதானே.

பழுது: ஆமா... மீட்டருக்கு நல்லது.

தசமம்: ஆமா, ராத்திரியில கரண்ட் போகுதுன்னு அவருக்கு யார் சொன்னது?

பழுது: நான்தான்.

தசமம்: எங்க வீடு பின் தெருவுலதான். அங்க போறதே இல்லையே.

பழுது: அது வேற லைனா இருக்கும்.

தசமம்: இருக்கும், இருக்கும்.

முதலாளி: கதவைத் திறக்கறேன்மா, திட்டாதே! ஃபேக்டரிக்காரர் தன் கருவியைக் கொடுத்துட்டு வாசல்ல நிக்கறாரு. நம்ம மீட்டரோட ஒத்துப் பார்த்தாச்சா?

தசமம்: இன்னும் சூடேறலை சார். இப்ப எடுத்தா கடைசி இலக்கம் நிலையா நிக்காது, ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும்.

முதலாளி: நாளையிலேர்ந்து இந்தச் சாக்கு செல்லாது. எல்லாம் தம்பி புண்ணியம். கரண்ட் போகுது, கரண்ட் போகுதுன்னான், பேட்டரியை வாங்கிட்டேன்!

தசமம்: சார், கதவு... காத்து வருது.

முதலாளி: போறேன், போறேன். என் கடையில எனக்கே இடமில்லை.

தசமம்: நல்லா சாதிச்சிருக்கீங்க.

பழுது: நான் எங்க சாதிச்சேன்? ஏன் தினமும் அணைஞ்சு கிடக்குன்னு கேட்டாரு, வாய்ல வந்ததைச் சொன்னேன். அது என் தலையிலேயே வந்து விடியும்னு கண்டேனா?

தசமம்: வாய்ல வந்ததா? அப்போ கரண்ட் போகலையா?

பழுது: ...எவ்ளோ நேரம் ஆச்சு?

தசமம்: பேச்சை மாத்தாதீங்க.

பழுது: சொல்றேன். ஆனா சிரிக்கக் கூடாது.

தசமம்: அதுக்கு நான் உத்தரவாதம் இல்லை.

பழுது: சாயங்காலம் கடைசியா பூட்டிட்டுப் போறது நான்தானே... நான்தான் அணைக்கறேன். அணைக்காதேன்னு நீங்க அது நெத்தியிலேயே சீட்டு ஒட்டியிருக்கீங்க. அதைப் படிச்சுக்கிட்டே அணைப்பேன்.

தசமம்: எதுக்கு?

பழுது: வேலை ஆரம்பிச்சா நீங்க நிமிர்ந்தே பார்க்க மாட்டீங்க. இந்தச் சூடேற நேரத்துலதான் என்கிட்ட பேசறீங்க. அதுக்காகத்தான் ராத்திரி எப்படா விடியும்னு கிடப்பேன். அதுவும் இன்னியோட சரி. அதனால... கேட்டுடறேன். என்னைக் கட்டிக்கறீங்களா?

தசமம்: இதுக்காகவா தினமும் அணைச்சீங்க!

பழுது: சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல!

தசமம்: சிரிக்கலை... மீட்டரைப் பாருங்க.

பழுது: நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன காட்டறீங்க!

தசமம்: பாருங்களேன். கடைசி இலக்கம்.

பழுது: ஒன்பது... ஒன்பது... அதுலயே நிக்குது.

தசமம்: அசையுதா?

பழுது: இல்லையே! இப்பத்தானே போட்டேன்னீங்க? அதுக்குள்ள எப்படி... இருங்க, தொட்டுப் பார்க்கறேன். அடேயப்பா, இது எப்பவோ சூடாயிருக்கே!

தசமம்: என்கிட்டயும் ஒரு சாவி இருக்கே, விடியறப்பவே வந்து போட்டாச்சு. தினமும் அப்படித்தான். நேரத்துக்கு வேலை ஆரம்பிக்கணும்னு முதல்ல ஒரு நாள் சீக்கிரம் வந்து போட்டேன். நீங்க உள்ள நுழைஞ்சு, "அரை மணி நேரமா?"ன்னு அவ்ளோ ஆசையா கேட்டீங்க... ரெடின்னு சொல்ல மனசே வரலை. இத்தனை நாள்ல ஒரு தடவை என்னைப் பார்க்காம மீட்டரைப் பார்த்திருந்தா மாட்டியிருப்பேன். பாவம் முதலாளி, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து அவரை ஒரு பேட்டரி வாங்க வச்சுட்டோம்... முதல் பத்திரிகை அவருக்குத்தான் வைக்கணும்.