எட்டு மார்க்

திருமழிசையிலிருந்து அம்பத்தூர் போகும் பஸ்ஸில், கம்பெனி யூனிஃபார்மோடு இரண்டு பெண்கள். மூன்று நாளாக வேலை தேடி அலைந்த நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன்.

“சந்தோசத்துக்கு எட்டு மார்க் போட்டுட்டேங்க்கா,” என்றாள் இளையவள்.

“எதுல?”

“மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்ற புரொஃபசரம்மா கேன்டீன்ல கேள்வி ஃபாரம் குடுத்தாங்களே, அதுல. ஹாஸ்டல் சாம்பாருக்கு ரெண்டு கொறச்சேன்.”

“அடிக்கிற புருசனை வுட்டுட்டு ஹாஸ்டல்ல கீறே. உனக்கு எட்டா?”

“அதனாலதாங்க்கா எட்டு. உங்க வாழ்க்கையில கடைசியா ஒரு பெரிய முடிவை யாரு எடுத்தாங்கன்னு அதுல கேட்டிருந்தாங்க. ‘நான்’னு எழுதினேன்.”

“ஞாயித்துக்கிழமை அவன் உன்னைக் கூட்டிக்கினு போவ வரானாமே. இன்னா சொல்லுவே?”

“ஆறு மாசம் கழிச்சு அந்தம்மா திரும்ப வந்து இதே கேள்வி கேப்பாங்க. அப்ப ஒம்பது போடணும்க்கா. அவங்கூடப் போனா எப்படிப் போடுறது?”