பத்தாயிரம் தடவை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சார், உங்கள் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. நீங்கள் சாத்தினீர்கள், சத்தமும் கேட்டது, ஆனால் தாழ் உள்ளே போய் விழவில்லை. லேசாகத் தள்ளினால் திறந்துகொள்ளும். பத்தொன்பது வருஷம் கதவை வைத்துப் பிழைத்தவன், கண் முதலில் அங்கேதான் போகிறது. யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலையிலிருந்து விசாரணை என்று உட்கார வைத்து நீங்கள் தேதிதான் கேட்கிறீர்கள். எந்த மெயில் எந்தத் தேதி, எந்த ஊருக்கு எந்த மாதம் மாறினேன் என்று. எரிச்சலாக இருக்கிறது, மறைப்பானேன். தேதியில் ஒரு மண்ணும் இல்லை. ஆரம்பத்திலிருந்து நானே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி செய்வது குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கான தடுப்புக் கதவு. மாடிப்படியின் உச்சியில் மாட்டுவது, இடுப்பு உயரம். சாத்தினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல் போய்ப் பிடித்துக்கொள்ளும், 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் பெற்றவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். நாங்கள் விற்பது கதவை இல்லை, அந்தச் சத்தத்தைத்தான்.

நான் அங்கே இன்டர்னாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆறு பேர் வந்திருந்தோம், நிரந்தர வேலை ஒருவருக்குத்தான். எனக்குக் கொடுத்த வேலை ஒரு புது மாடல் கதவைப் பத்தாயிரம் தடவை திறந்து சாத்துவது. சாத்த வேண்டும், பதினைந்து கிலோ எடையை வைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும், குறிக்க வேண்டும், திறக்க வேண்டும். ஒரு தடவைக்கு நாற்பது விநாடி. இதைச் செய்ய மெஷின் ஒன்று இருந்தது, பழுதாகிக் கிடந்தது. சரிசெய்ய ஆள் வருகிறான், வருகிறான் என்றார்கள். எவனும் வரவில்லை. கையால் செய்தேன். மூன்றாவது வாரம் மணிக்கட்டு வீங்கி, பேனா பிடிக்க முடியவில்லை. நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் நின்றேன்.

புதன்கிழமை மேற்பார்வையாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, முடிஞ்சுதா? வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வேணும். மத்த அஞ்சு பேரும் குடுத்தாச்சு."

"முடிஞ்சிரும் சார்."

மீதியை எழுதினேன். செய்யவில்லை, எழுதினேன். பத்தாயிரம் தடவை, பல் தேயவில்லை, பழுதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வேலை எனக்குக் கிடைத்தது.

உடனே என்னை மோசக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மனசு உறுத்தியது. சோதித்த அதே கதவை வீட்டுக்கு எடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கட்டில் மாட்டி மீதியைச் செய்யத் தொடங்கினேன். என் தங்கை அப்போது பன்னிரண்டு வயதுப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், நான் எங்கே உட்கார்ந்தாலும் வந்து ஒட்டிக்கொள்வாள். நான் சாத்துவேன், அவள் தன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போடுவாள். ஆறாயிரத்து முந்நூறைத் தாண்டிய ஒரு நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணா, டக்குன்னுச்சு. ஆனா தொறந்துக்கிச்சு பாரு."

பார்த்தேன். பல் தேய்ந்து மழுங்கியிருந்தது. சத்தம் வருகிறது, பிடி இல்லை. இதைக் கம்பெனியில் சொன்னால் என் ரிப்போர்ட் வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, அப்பா தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

"டக்குனு சத்தம் கேட்டுதா? நல்லா யோசிச்சுச் சொல்லு," என்று கேட்டேன்.

"கேட்டுச்சே."

"நிச்சயமா?"

என் முகத்தைப் பார்த்தாள். "தெரியலண்ணா. கேக்கலையோ என்னவோ."

"நான்தான் சரியா சாத்தலை. நீ போய்ப் படி," என்றேன். அவ்வளவுதான். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாடல் நன்றாக விற்றது. ஒரு நாடு, இரண்டு நாடு என்று போனது. புகார்களும் வந்தன. கதவு தானாகத் திறந்துகொண்டது, குழந்தை விழுந்து கை ஒடிந்தது, நெற்றியில் தையல், இப்படி. இதை விசாரிக்க யாராவது நேரில் போக வேண்டும். பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக எல்லோரும் தயங்கினார்கள், நான் கை தூக்கினேன். வேறு யாராவது போனால் சோதனை ரிப்போர்ட்டைத் தேடுவான். நான் போனால் தேட மாட்டேன்.

வெளிநாட்டு வேலைக்கு நான் எப்படிப் போனேன் என்று கேட்டீர்களே, இப்படித்தான் போனேன். என் பொய் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே போனேன்.

வீட்டுக்குள் போய் உட்காருவேன். அவர்கள் கொடுப்பதைக் குடிப்பேன். குழந்தையைப் பற்றி விசாரிப்பேன், அவசரமே படமாட்டேன். பிறகு அந்த ஒரு கேள்வி. டக்கென்று சத்தம் கேட்டதா, நிச்சயமாகத் தெரியுமா? நீங்களே சொல்லுங்கள் சார், இன்று காலை வீட்டுக் கதவைப் பூட்டும்போது சத்தம் கேட்டீர்களா? தினமும் செய்கிற காரியம் எவனுக்கு ஞாபகம் இருக்கும்? பெற்றவள் யோசிப்பாள். புருஷனைப் பார்ப்பாள். குரல் இறங்கும். அந்த இடத்தில் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன். யாரையும் மிரட்டியதில்லை, ஒருவரிடமும் குரல் உயர்த்தியதில்லை. கிளம்பும்போது இனாமாக ஒரு புதுக் கதவு மாட்டிக் கொடுத்துவிட்டு வருவேன்.

என் கேள்வியைக் கம்பெனி பதினோரு மொழியில் அச்சடித்தது. எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களே, இன்ஜினியர்கள், வக்கீல்கள், பெரிய பெரிய படிப்பாளிகள். ஒருத்தன், ஒரே ஒருத்தன் எழுந்து, இந்தக் கதவைச் சோதித்த ரிப்போர்ட் எங்கே என்று கேட்டிருந்தால் அன்றே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கேட்கவில்லை. நானாக எப்படிச் சொல்வது?

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஆண் குழந்தை பிறந்தது. தவழத் தொடங்கியதும் போன் செய்தாள். "உங்க கம்பெனி கதவுதாண்ணா வேணும். வேற எதையும் நம்ப மாட்டேன்." வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அப்போது கையிருப்பில் இருந்தது அந்தப் பழைய மாடல்தான், அதையே அனுப்பினேன். மாப்பிள்ளையே திருகி மாட்டினார். கணக்குப் போட்டு வைத்திருந்தேன் சார், அஜாக்கிரதையாக விடவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை என்றால் ஒரு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம். ஆறாயிரத்து முந்நூறுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. வருஷம் முடிந்ததும் வேறு மாடல் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று டைரியில்கூடக் குறித்தேன். அந்த மாதம் பார்த்து எனக்கு மண்டலத் தலைவர் பதவி வந்தது. நான்கு நாடுகள், தலைக்கு மேல் வேலை. மறந்துவிட்டேன். மனிதன்தானே.

கதவு மாட்டிய பதினேழாவது மாதம் அவன் படியில் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விமானம் பிடித்து வந்தேன். எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்த பிறகு அவளும் மாப்பிள்ளையும் நானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சாத்தினேண்ணா. டக்குனு கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கதவைப் பற்றித் தெரிந்தவன் நான்தானே. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. நிச்சயமா கேட்டுச்சா?"

கதவிலிருந்து கண்ணை எடுத்து, பன்னிரண்டு வயதில் பார்த்தது போலவே என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலண்ணா," என்றாள். மாப்பிள்ளை எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

மூன்று வருஷமாகிறது. அவள் எந்தக் கதவையும் மூன்று தடவை சாத்துகிறாள், அலமாரி, பிரிட்ஜ் எல்லாம். மாப்பிள்ளை அவளைத் திட்டுவதில்லை, நல்ல மனிதர். வெளியே கிளம்பும்போது மட்டும் "சாத்தினியா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அவர்களுக்குள் பேச்சு அநேகமாக அவ்வளவுதான். நான் வாரம் தவறாமல் போன் செய்கிறேன். உன் தப்பு இல்லைம்மா, கவனக்குறைவு யாருக்கும் வரும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அதைக் கேட்டால் அவளுக்கு ஆறுதல். காரணம் தெரிந்துவிட்டால் மனசு அடங்கும் சார், இத்தனை வீடுகளில் நான் பார்த்தது அது.

போன மாதம் கம்பெனி ஒருவழியாகப் புது மெஷின் வாங்கியது. சோதனைப் பிரிவில் ஒரு பெண், வேலை இல்லாமல் பழைய மாடலைத் தூக்கி அதில் மாட்டியிருக்கிறாள். ஆறாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் பிடி விட்டுவிட்டது. அப்புறம்தான் கோப்பைத் தேடினார்கள், நீங்களும் வந்தீர்கள். பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு மெஷின். அன்றைக்கே வாங்கித் தொலைத்திருந்தால் என் மணிக்கட்டாவது பிழைத்திருக்கும்.

எல்லாம் நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என் பிரஷர் மாத்திரையை எடுத்துக்கொண்டு அவளாக வந்திருக்கிறாள். எனக்காகச் சாட்சி சொல்லப் போகிறாளாம். கதவில் குறை இல்லை, நான்தான் சரியாகச் சாத்தவில்லை, எங்கள் அண்ணன்மேல் பழி போடாதீர்கள் என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருக்கிறாள். வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்காதீர்கள். நான் சொன்ன எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். இந்த அளவுக்குத் தேறி வரவே அவளுக்கு மூன்று வருஷம் பிடித்திருக்கிறது.

அப்புறம், அவள் உள்ளே வந்ததும் இந்தக் கதவைச் சாத்துவாள், மூன்று தடவை சாத்துவாள், இதன் தாழ் பிடிக்காது. கதவுதான் பழுது என்று முன்னாடியே அவளிடம் சொல்லிவிடுங்கள் சார், இல்லாவிட்டால் தான்தான் சரியாகச் சாத்தவில்லை என்று நினைத்துக்கொள்வாள். பாவம், அவள் சுபாவமே அப்படி.