அந்தோனியாருக்கு ஒரு கூடை பன்

பன் மாவு பொங்குவதற்குக் கொஞ்சம் கள் வேண்டும் ஐயா. நம் பக்கம் மதுவிலக்கு என்பதால் எங்கள் வீட்டுக்காரர் எல்லை தாண்டிப் போய்ப் பால் தூக்கில் வாங்கி, மேலே வாழையிலைத் துண்டு வைத்து மூடிக் கொண்டுவருவார். அது குற்றம்தான், முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வெந்த பிறகு வாசனை இருக்காது. உங்கள் கையில் இருக்கிற பன்னை முகர்ந்து பார்த்தாலே தெரியும்.

நீங்கள் கள்ளுக்காக வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவின் கன்றுக்குட்டியை என் மகள் கிருபாராணி அவிழ்த்துக்கொண்டு வந்ததைக் கெம்பம்மா கண்ணால் பார்த்துவிட்டாள். ஸ்டேஷனுக்கு வந்து திருட்டு என்று சொல்லியிருப்பாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற திருடனை உங்கள் சர்வீஸில் பார்த்திருக்கிறீர்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

என் பெயர் செபஸ்தியம்மாள். இந்த மூக்கண்டப்பள்ளிக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து வீட்டிலேயே பன் சுடுகிறேன், மெழுகுவர்த்தி ஊற்றுகிறேன், மாலைக்குக் காகிதப் பூ கட்டுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் அற்புதராஜ் விறகு பிளப்பார். மகள் தாள் வெட்டுவாள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டர் பாஸ்காவுக்கும் மூன்று பேருக்கும் கை ஒழியாது. மற்ற மாதங்களில் அடுப்பில் பூனை தூங்கும். உழைக்கத் தயாராக இருக்கிற குடும்பம் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேதனை என்பது உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

ஊர்க்கோடியில் இருக்கிற அந்தோனியார் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். தொலைந்துபோன பொருளைத் தேடிக் கொடுக்கிறவர் அவர். பொருள் கிடைத்ததும் செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் ஏழைகளுக்குப் பன் கொடுக்க வேண்டும், அதுதான் அவருக்குச் செய்கிற வேண்டுதல். வேதக்காரர்கள் மட்டுமில்லை, இங்கே கன்னடம் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும்கூட அவரிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். சுற்றுவட்டாரத்தில் பன் சுடுவது நான் ஒருத்திதான்.

ஒரு நாள் கெம்பம்மாவின் மூக்குத்தி எங்கள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. கொடுக்கத்தான் எழுந்தேன். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "அந்தோணப்பா, மூக்குத்தி கெடச்சிதுன்னா ஒரு கூடை பன்னு குடுக்கறேன்ப்பா" என்று அழுதுகொண்டிருந்தாள். ஒரு பெண் சாமியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் நுழைவது மரியாதையா, சொல்லுங்கள். காத்திருந்து, விடிந்ததும் அவள் வாசற்படியில் வைத்தேன். பொழுது சாய்வதற்குள் பன்னுக்குச் சொல்ல வந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூக்குத்தி மூக்கிலேயே இருந்த வரைக்கும் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஏதாவது தொலைந்தால்தானே அந்தோனியார் கண்டுபிடிக்க முடியும்? இந்த ஊர்க்காரர்கள் பொருளைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பாவம், அவர் குழந்தை யேசுவைத் தூக்கிக்கொண்டு வேலையில்லாமல் நிற்கிறார். இங்கே அடுப்பில் பூனை. இரண்டு பேருக்கும் என்னால் ஆன உதவியைச் செய்தேன்.

சாவி, அரிவாள்மணை, வெண்கலச் சொம்பு இவையெல்லாம் என் பங்கு. கோழி, ஆடு, கன்று மகளுடையது. அவளுக்கு வாயில்லாத ஜீவன்கள் மேல் தனிப் பிரியம். வண்டிச் சக்கரம் மாதிரிக் கனமானவற்றை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். ஆரம்பத்தில் அவர் இது பாவமில்லையா என்று கேட்டார். எதையாவது நாம் வைத்துக்கொண்டோமா என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எந்த வீட்டுச் சக்கரம் என்றார். அவர் எப்போதுமே நியாயத்துக்குக் கட்டுப்படுகிறவர்.

எடுத்த பொருளைக் கழுவி, துரு இருந்தால் தேய்த்து, சொம்பாக இருந்தால் புளி போட்டு விளக்கித்தான் திருப்பி வைப்போம். வேண்டிக்கொண்ட சத்தம் கேட்ட மறுநாளே பொருள் வீட்டு வாசலில் இருக்கும். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் கோயிலுக்குள் அடங்கவில்லை. நம் ஜனங்களிடம் விசுவாசம் வளர்ந்திருக்கிறது என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பேருக்கு நம்மால் நன்மை நடக்கிறதே என்று வீட்டுக்கு வந்தும் அழுதேன்.

போகப்போக ஒன்றைக் கவனித்தோம். கோழி தொலைந்தால் ஒரு தட்டுப் பன். பசு தொலைந்தால் ஒரு கூடை. பிரியம் எவ்வளவோ அவ்வளவு பன். அப்படியே மேலே போனால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பாருங்கள். மனிதரைத் தொலைக்க வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படவில்லை. வியாபாரம்தான் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனது.

ஊரிலேயே வசதியான குடும்பம் கோவிந்தப்பனுடையது. ராகி வாங்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கொல்லையில் நாங்கள் ராகி கொட்டி வைக்கிற நிலக்குழி இருக்கிறது. உள்ளே கெட்ட காற்று நிற்கும் என்பதால் முன்னதாகவே கல்லை நகர்த்தித் திறந்துபோட்டு, விளக்கை இறக்கி அது அணையாமல் எரிகிறதா என்றும் பார்த்திருந்தோம். அஜாக்கிரதை என்று எங்களை யாரும் சொல்ல முடியாது. ராகி பூசணம் பூத்திருக்கிறதா பார்க்கிறேன் என்று அவரேதான் ஏணியில் இறங்கினார். நாங்கள் ஏணியை எடுத்தோம். யாரும் அவரைத் தொடவில்லை.

பேனாவை நிறுத்திவிட்டீர்களே ஐயா. கோவிந்தப்பனைக் காணவில்லை என்று உங்களுக்குப் புகாரே வரவில்லைதான். எங்கள் கஷ்டமே அதுதான்.

அவர் மனைவி சரோஜம்மாள் அன்றைக்கே அந்தோனியார் காலில் விழுவார், ஊருக்கே பன் போடுவார் என்று நினைத்து மாவெல்லாம் வாங்கி வைத்தேன். செவ்வாய் வந்தது. அவர் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. கேட்டவர்களிடம் புருஷன் காசிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வெள்ளை அடித்தார். ஹோசூரிலிருந்து ரேடியோப் பெட்டி வந்து இறங்கியது. இத்தனை வருஷம் புருஷன் தலையணைக்கு அடியிலேயே இருந்த பீரோச் சாவி இப்போது அவர் இடுப்பில் தொங்கியது. புருஷனைத் தொலைத்துவிட்டுச் சாவியைத் தொலைக்காத பெண்ணை அப்போதுதான் பார்த்தேன்.

பொறுக்க முடியாமல் நானே ஒரு தட்டுப் பன் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அந்தோனியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன் என்றேன். இரண்டு பன்னை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். "ருசியாத்தான் இருக்குது செபஸ்தியம்மா. அவரு வர்றப்ப வரட்டும். அதுக்குப் போயி நல்லா இருக்கற சாமியத் தொந்தரவு பண்ணிக்கினு இருப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார். வருகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு குடும்பத்தில் பாசம் என்பது துளியாவது வேண்டாமா?

கோவிந்தப்பனை நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். ஜமுக்காளம், தலையணை, இரண்டு வேளை களி, ஒரு வேளை பன். முதலில் சத்தம் போட்டார். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவ வேண்டிக்கிட்டாளா என்று கேட்பார். நான் பொய் சொல்கிறவள் இல்லை. இன்றைக்கும் இல்லை என்பேன். ஒரு நாள் குனிந்து உட்கார்ந்து அழுதார். "அம்மா, நானே வேண்டிக்கறேன். எத்தினி கூடை வேணும், சொல்லு" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. தொலைத்தவர்தான் வேண்டிக்கொள்ள வேண்டும். தொலைந்த பொருள் தன்னைத் தானே வேண்டிக்கொண்டதாக எங்கேயாவது உண்டா? அவருக்கு அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

சும்மா மேலே ஏற்றி விட்டுவிடலாமே என்று எங்கள் வீட்டுக்காரரும் சொன்னார். வேண்டாமலே பொருள் கிடைக்கும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் யார் வேண்டிக்கொள்வார்கள்? அந்தோனியார் பெயர் என்ன ஆவது? சரோஜம்மாள் வேண்டுகிற வரைக்கும் அவர் உள்ளேதான் இருந்தாக வேண்டும், எங்கள் கையில் எதுவும் இல்லை. சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று தாளும் நூலும் இறக்கிக் கொடுத்தேன். இப்போது அழகாகக் காகிதப் பூ கட்டுகிறார். ரோஜா அவருக்கு என்னைவிட நன்றாக வருகிறது. ஆனாலும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகச் சமைக்க வேண்டியிருக்கிறது, அவர் வீட்டிலிருந்து வேண்டுதலும் வரவில்லை. வேறு வழியில்லாமல்தான் கெம்பம்மாவின் கன்றுக்குப் போனோம். அதில் மாட்டிக்கொண்டோம்.

நான் செய்தது முழுவதும் சரி என்று சொல்ல வரவில்லை. தவறு நடந்திருக்கிறது. அதை நினைத்துப் பல நாள் தூங்காமல் இருந்திருக்கிறேன். எங்கே தவறினோம் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. மறுபடி அந்தத் தவறைச் செய்ய மாட்டேன், இது சத்தியம்.

எழுந்துவிட்டீர்களே. அவரைப் பார்க்க வேண்டுமா? தாராளமாகப் பார்க்கலாம், கொல்லைப் பக்கம்தான். அதிகாரம் உள்ளவர், தனியாகச் சைக்கிளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இறங்கியே பார்த்துவிடுங்கள். ஏணியை எங்கள் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள் ஐயா. கோவிந்தப்பன் விஷயத்தில் இதை விசாரிக்காமல் விட்டதுதான் நான் செய்த தவறு.

உங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு உங்கள் மேல் பிரியம் உண்டா?