இரண்டு ஊரில் இரண்டு கட்டில்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, நான் அளவு மீறினால் அடிப்பதற்கென்றே மணியின்மேல் கையை வைத்திருக்கும் தலைவர் அவர்களே, மருந்துச்சீட்டு எழுதி ஓய்ந்த விரல்களுக்கு இன்று மாலை விடுப்புக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, ஊசி போடும்போது "வலிக்காது" என்று பொய் சொல்லி, அந்தப் பொய்யாலேயே பாதி வலியைப் போக்கிவிடும் செவிலியச் செல்வங்களே, அகவையில் மூத்து அன்பில் கனிந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பெற்ற பிள்ளைகளையும் பெற்றெடுத்த பெற்றோரையும் ஒருசேரத் தாங்கும் தாய்மார்களே, உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

நான் மருத்துவன் அல்லன். மாத்திரை விழுங்கத் தெரிந்தவன், அவ்வளவுதான். வட்டார நலவாழ்வுக் குழுவில் பொதுமக்கள் சார்பாக ஒருவர் வேண்டும் என்றார்கள். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரிந்திருந்ததால் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. தலைவரே சிரிக்கிறார்.

பொது மருத்துவமனை, மறதிநோய்ப் பிரிவு, இயன்முறை சிகிச்சை, மருந்துக்கடை, முதியோர் நல அலுவலகம், நோயாளர் வண்டி என்று தனித்தனிக் கூரையின்கீழ் தனித்தனியாய் இயங்கியவை, இன்று திறக்கும் இந்தக் கட்டடத்தில் ஒரே கூரையின்கீழ் ஒன்றுகூடுகின்றன. இதைத் திட்டம் என்கிறார்கள், புதுமை என்கிறார்கள். எனக்கு அந்தப் பெரிய சொற்கள் வாயில் நுழைவதில்லை. இது எங்கிருந்து பிறந்தது என்பது மட்டும் தெரியும். என் எதிர்வீட்டுச் சமையலறையிலிருந்து பிறந்தது.

என் எதிர்வீட்டில் ஒரு தம்பதி. அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். குரல் கணீரென்று இருக்கும், அதனால் குடியிருப்பு முழுவதும் அவரை ஹாரன் அண்ணன் என்றே அழைக்கும். அண்ணி தையற்கூடத்தில் துணி வெட்டியவர். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து கால்கள் ஓய்ந்தன. அண்ணிக்கு மறதி வந்து நாட்கள் கலைந்தன. ஒருவருக்கு நடை போயிற்று, ஒருவருக்கு நினைவு போயிற்று. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள்.

கவனிக்க ஆள் இல்லையா? இருந்தார்கள், ஐயா. குறைசொல்ல முடியாத அளவுக்கு இருந்தார்கள். மறதிநோய் மருத்துவர் ஒரு நாள் வருவார். அண்ணியிடம் கேள்வி கேட்கும்போது கணவர் பக்கத்தில் இருந்தால் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார் அல்லவா? அதனால் அண்ணனைச் சக்கர நாற்காலியோடு உள்ளறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். இயன்முறை சிகிச்சையாளர் வேறொரு நாள் வருவார். அண்ணன் எழும்போது மனைவி தோள்கொடுத்தால் கணக்குத் தப்பிவிடும் அல்லவா? அதனால் அண்ணியை அடுத்த அறையில் உட்கார வைத்துவிடுவார். அவரவர் விதிப்படி அவரவர் சரி. கற்றவர்கள், கருணை மிக்கவர்கள், கடமை தவறாதவர்கள்.

இப்படி அவரை விலக்கி இவரையும், இவரை விலக்கி அவரையும் அளந்தால் என்ன முடிவு வரும்? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். ஆமாம், அதேதான் வந்தது. இருவருமே தனியாக வாழத் தகுதியற்றவர்கள்.

உடனே இரண்டு பிரிவுகளும் ஓடியாடி இடம் தேடின. அண்ணிக்கு வடக்குக் கோடியில் ஒரு காப்பகத்தில் கட்டில் கிடைத்தது. அண்ணனுக்குத் தெற்குக் கோடியில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கட்டில் கிடைத்தது. இரண்டு இடத்திலும் நல்ல காற்று, நல்ல கவனிப்பு. எங்கள் குழுக் கூட்டத்தில் இரு தரப்பினரும் ஒரே நாளில் அந்த நல்ல செய்தியைச் சொன்னார்கள். கை தட்டினோம்.

பயணத்துக்குப் பை கட்ட வேண்டும். அந்தக் காட்சி இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. அண்ணி தன் பையில் அண்ணனின் சட்டைகளை அடுக்குவார். செவிலி வந்து அவற்றை எடுத்துத் தனியே வைப்பார். அண்ணி மறந்துபோய் மறுபடியும் அதே சட்டைகளை, அதே மடிப்பு மாறாமல், அதே பையில் அடுக்குவார். கணீர்க் குரல்காரர் தன் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அப்போதுதான் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் கைகொடுத்தது. பழுதுபார்க்க மறுநாள் முதல் நிறுத்தப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். ஐந்தாம் மாடிக்குப் படியேற எந்த மருத்துவருக்குத்தான் மனம் வரும்? நான் உங்களைச் சொல்லவில்லை, டாக்டர். வெவ்வேறு நாளில் வரவேண்டிய அத்தனை பேரும் கடைசிக் கையெழுத்துக்கும், மருந்துக்கும், வண்டிக்கும் என்று அன்று மாலையே வந்து குவிந்துவிட்டார்கள். உட்கார இடமில்லாமல் என் வீட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். யாரை எந்த அறைக்குத் தள்ளுவது என்று தெரியாமல் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த இரைச்சலில் அண்ணிக்கு யாரும் கேள்வி கேட்கவில்லை. அவர் பாட்டுக்குச் சமைக்கப் போய்விட்டார்.

சமையலறையைப் பார்த்துக் கிடந்த கூடத்து நாற்காலியிலிருந்து அண்ணனின் குரல் கிளம்பியது.

"இந்தாம்மா, உப்புப் போட்டாச்சு. மறுபடி போடாத."

"சரிங்க."

"பின்னடுப்பு எரியுது பாரு. அத அணைச்சிடு."

"அணைச்சிட்டேன்."

"இப்ப உன் மாத்திரை. நீல டப்பா. எனக்கும் தண்ணி கொண்டா."

அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணன் மாத்திரையை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தார். அண்ணி விழுங்கிவிட்டு, அண்ணனின் கக்கத்தில் கைகொடுத்து, ஒரு மூச்சில் தூக்கி நிறுத்திச் சாப்பாட்டு மேசைக்கு நடத்திக்கொண்டு போனார். அண்ணனுக்கு அண்ணி கால். அண்ணிக்கு அண்ணன் ஞாபகம். இரண்டு அரைமனிதர்கள் சேர்ந்து ஒரு முழுக்குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். அதை எல்லாரும் ஒன்றாக நின்று அன்றுதான் பார்த்தோம்.

மறதிநோய் மருத்துவர் கடைசித் தாளை எடுத்து மெதுவாகக் கேட்டார்: "அம்மா, நீங்க தனியா இருந்துக்குவீங்களா?"

அண்ணி அவரை வினோதமாகப் பார்த்தார். "தனியா எதுக்கு இருக்கணும்?"

அவையோரே, அதைக் கேட்டு மருத்துவர் பேனாவை மூடிவிட்டார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

கையெழுத்து விழவில்லை. அந்தக் கூடத்திலேயே, என் நாற்காலிகளிலேயே முதல் கூட்டம் நடந்தது. அன்பாக நடந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்றார் ஒருவர். "விழுந்தா என் தலையில விடியும்" என்றார் இன்னொருவர். பயம் நியாயமானதுதான். ஆனால் ஒவ்வொரு பயத்துக்கும் பக்கத்து நாற்காலியில் ஒரு விடை உட்கார்ந்திருந்தது. மறந்தால் தானே அணையும் அடுப்பு இருக்கிறது என்றார் முதியோர் நல அலுவலர். இருவர் மருந்தையும் வேளைவாரியாக ஒரே டப்பாவில் கட்டித் தருகிறேன் என்றார் மருந்துக்கடைக்காரர். முதுகு பிடிக்காமல் தூக்க அண்ணிக்கே பயிற்சி கொடுக்கிறேன், மறந்தாலும் கை பழகிவிடும் என்றார் இயன்முறை சிகிச்சையாளர். இருவரையும் ஒரே வண்டியில் பகல்நேர மையத்துக்கு ஏற்றிப்போகிறேன் என்றார் வண்டிக்காரர். சறுக்கினால் அந்த இரண்டு கட்டில்கள் காத்திருக்கின்றன என்ற நிபந்தனையோடுதான் தொடங்கினோம். சறுக்கல்கள் வந்தன, சமாளித்தோம். கட்டில்கள் வேறு யாருக்கோ போயின.

பின்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்: "துணையே இல்லாதவங்களுக்கு என்ன செய்வீங்க?" நல்ல கேள்வி, அம்மா. அதற்காகத்தான் இந்தக் கட்டடத்தில் மருத்துவர்களோடு எதிர்வீட்டுக்காரர்களுக்கும் நாற்காலி போட்டிருக்கிறோம். இனி இங்கே வரும் எவரிடமும் "தனியாக இருப்பீர்களா" என்று கேட்கமாட்டோம். "யாரோடு இருப்பீர்கள்" என்று கேட்போம். யாரும் இல்லையென்றால், அந்த யாரோ ஒருவரைத் தேடுவதும் இனி மருத்துவம்தான். வலியைப் போக்குவது மருத்துவம் என்றால், வெறுமையைப் போக்குவது மருத்துவம் இல்லையா? உயிரை நீட்டிப்பது சிகிச்சை என்றால், உறவை நீட்டிப்பது சிகிச்சை இல்லையா?

தலைவரின் விரல் மணியை நெருங்குகிறது. ஒன்றே ஒன்று சொல்லி இறங்கிவிடுகிறேன்.

அண்ணியின் நோய் நிற்கவில்லை. எந்தக் கூட்டு முயற்சியும் அதை நிறுத்தும் என்று நான் புளுகமாட்டேன். போன வாரம் செவிலி வந்தபோது நானும் இருந்தேன். அண்ணனைக் காட்டி, "இவரு யாரும்மா?" என்று கேட்டார். அண்ணி நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"பேரு வரல. ஆனா இவருக்கு டீல சக்கரை போடக் கூடாது."

செவிலி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பழைய கணீர்க் குரலில் சொன்னார்:

"பேரு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? கூப்பிட்டா நான் எழுந்தா வரப்போறேன்? நீ இங்க வா, பக்கத்துல உக்காரு."

அண்ணி போய் உட்கார்ந்தார்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. அன்று ஐந்தாம் மாடியில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிய அந்தக் கைகளுக்குத் தலைதாழ்ந்த நன்றி. வீட்டுக்குப் போனதும் பக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் சற்றுநேரம் உட்காருங்கள். வணக்கம்.