தாணு அண்ணாச்சி சொன்னதாக நான் சொன்னது

"ரெண்டு மணி நேரம் சேந்து போயிட்டு வாரீக, ஒரு வார்த்தை கூடவா..."

"ஏட்டி, குளிக்கப் போற இடத்துல என்ன பேச்சு..."

"தாணு அண்ணாச்சி மகளுக்குச் செங்கோட்டையில மாப்பிள்ளை பாத்தாகளே, அது என்னாச்சுன்னாவது..."

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"அவன் சொல்லல."

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சாரல் காலத்துச் சண்டை இவ்வளவுதான். எங்கள் ஊர் மேலகரத்தில் இதைவிடப் பெரிய சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய குடும்பங்கள் உண்டு.

இவரும் அடுத்த தெருத் தாணு அண்ணாச்சியும் பால்ய சிநேகிதர்கள். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் விடிந்ததும் குற்றாலத்துக்கு நடப்பார்கள். இவர் முதுகுக்கு அவர் எண்ணெய் தேய்ப்பார், அவர் முதுகுக்கு இவர். கையைப் பிடித்துக்கொண்டு வழுக்குப் பாறையைக் கடந்து அருவியில் நிற்பார்கள். திரும்பி வந்துவிடுவார்கள். இருபத்தைந்து வருஷச் சிநேகிதம் இதுதான்.

நானும் அண்ணாச்சியின் மனைவி முத்துவடிவும் அப்படி இல்லை. மாமியார் அவளைக் கரண்டியால் அடித்தது, எனக்கு மூன்றாவதும் தங்காமல் போனது, எல்லாம் பேசித்தான் சிநேகிதிகள் ஆனோம். அந்த இரண்டு ஆண்களையும் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அவர்களைப் பேசவைக்க நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், ஆனிக் கடைசி. மத்தியானம் இவருக்கு மோர் ஊற்றும்போது சொன்னேன்.

"காலையில பிள்ளையில்லாதவன் முகத்துல முழிச்சா போற காரியம் விளங்க மாட்டேங்குன்னு தாணு அண்ணாச்சி சொன்னாகளாம். முத்துவடிவு சொன்னா."

அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை. முத்துவடிவும் சொல்லவில்லை. சின்னதாகச் சொன்னால் இவர் போய்க் கேட்க மாட்டார் என்றுதான் பெரியதாகச் சொன்னேன். முத்துவடிவு என்னைப் பற்றி இப்படிச் சொன்னதாகக் காதில் விழுந்திருந்தால், அந்தச் சூட்டோடு அவள் வாசலில் போய் நின்றிருப்பேன். கத்தி, அழுது, பொழுது சாய்வதற்குள் இருவரும் ஒரே முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருப்போம்.

இவர் மோர்ச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். மறுநாள் தனியாகப் போனார்.

அண்ணாச்சியாவது என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். அவரும் கேட்கவில்லை. அதே நேரத்துக்கு, ரோட்டின் இந்த ஓரம் ஒருவர், அந்த ஓரம் ஒருவராக நடந்தார்கள். அருவியில் மட்டும் இருவரும் பழைய இடத்திலேயே நின்றார்கள்.

"முதுகு நடுவுல எண்ணெயே படாம வாராகட்டி," என்றாள் முத்துவடிவு. "நான் தேய்க்கட்டுமான்னா வேண்டாங்காக. உங்க வீட்டுல என்ன சொல்லுதாக?"

"ஆம்பிளைக விவகாரம், நமக்கென்ன?" என்றேன்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர்கள் தாங்களாகவே பேசிக்கொள்ள இருந்த ஒரே சந்தர்ப்பமும் கெட்டுப்போயிருக்கும்.

ஆடி பத்தாம் தேதி மலைமேல் நல்ல மழை. அருவித் தண்ணீர் செந்நிறமானால் வெள்ளம் வருகிறது என்று எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். மறுநாள் ஆற்றில் வெகுதூரம் கீழே அவரை எடுத்தார்கள். தென்காசியிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் வெள்ளத்தில் போனதாக எழுதிக்கொண்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் இவர் தானாக வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"தண்ணி செவந்தத மொதல்ல நான்தான் பாத்தேன். கை எட்டுற தூரம். பிடிச்சு இழுத்திருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லையேன்னு யோசிச்சேன். அதுக்குள்ள..."

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் என்னிடம் மனம்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கூட்டம் கலைந்ததும் முத்துவடிவு வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மோர் ஊற்றியதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன்: யாரும் சொல்லாததை நான் சொன்னது, அவள் கேட்டபோது மழுப்பியது, இவர் பார்த்துக்கொண்டு நின்றது. சொல்லி முடித்ததும் என் நெஞ்சு பஞ்சாகிவிட்டது. அவள் தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். துக்க வீட்டில் அப்படித்தான் இருப்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.

"எதையும் உள்ள வச்சுக்கிட்டுப் புழுங்காத முத்து. நான் இருக்கேன்லா, சொல்லுட்டி."