வலிச்சா கையைத் தூக்குங்க

...மெஷினாம் சார், மெஷின்! வாயை நல்லா தொறங்க... ஆ... இன்னும் கொஞ்சம்... எனக்குப் பதிலா டிரம்ஸ் வாசிக்க ஒரு பெட்டிய வாங்கியிருக்காங்க. சோப்பு டப்பா சைஸ். பொத்தானை அமுக்குனா அடிக்குமாம், மறுபடி அமுக்குனா நின்னுடுமாம். அதான் அதோட பெருமையாம்! வர்ற சனிக்கிழமை, பத்தொம்போது வருஷம் கழிச்சு எங்க பேண்டு மேடை ஏறுது. போஸ்டர்ல மூணு மூஞ்சி. நாலாவது மூஞ்சி எங்க? இதோ, உங்க கடவாப்பல்லைக் குடைஞ்சுக்கிட்டு நிக்குது. மருந்து போட்டிருக்கு, வலிக்காது. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்.

நீங்க எங்க மாமாவுக்கு எதிர்வீடுதானே? அக்கா வீட்டுக்காரரு. பாட்டும் அவரு, கிடாரும் அவரு. பேண்டு பேரு 'முடிவிலி'. கீபோர்டுக்காரன் கணக்கு வாத்தியாரு, அவன் வச்ச பேரு. ஊர்ல எங்களை 'முடியல'ன்னுதான் கூப்பிட்டாங்க. தப்பில்ல சார்! நாலு வரி பாட்டு, நாப்பது நிமிஷம் வாசிப்பு. நடுவுல வீட்டுக்குப் போயி துணி காயப்போட்டுட்டு வருவாங்க, அதே பாட்டு ஓடிட்டிருக்கும். பேஸ் கிடார் வாசிக்கிறவன் தூங்குமூஞ்சி. நெஜமாவே தூங்கிடுவான், விரல் மட்டும் முழிச்சிருக்கும்! துப்பாதீங்க, குழாய் உறிஞ்சிக்கும்.

அப்ப பாட்டு எப்படித்தான் முடியும்னு கேக்கறீங்க. கேக்கலயா? கண்ணு கேக்குதே. மாமா இடது கையைத் தூக்குவாரு. தூக்குனா நான் ஒரு உருட்டு உருட்டி, 'ஜிங்'குனு ஒரே போடு. முடிஞ்சுது. நான் போடாம யாரும் மேடைய விட்டு எறங்கக்கூடாது. அதான் சட்டம்.

கடைசிக் கச்சேரி... நகராட்சி கலையரங்கம். பட்டப்பகல். மாமா கையைத் தூக்கியிருக்காரு. என் கண்ணுல விளக்கு வெளிச்சம், தெரியல. அவ்ளோதான் சார் என் குத்தம்! நேரமாச்சுன்னு காவக்காரரு மெயினை அணைச்சுட்டாரு. கிடார் செத்துச்சு, கீபோர்டு செத்துச்சு, தூங்குமூஞ்சி முழிச்சுக்கிட்டான். டிரம்ஸுக்கு எதுக்கு சார் கரண்டு? நான் பாட்டுக்கு வெளுத்து வாங்குறேன். மாமாவும் வீம்பு புடிச்சவரு, நீ நிறுத்தாம எறக்க மாட்டேன்னு முப்பத்தஞ்சு நிமிஷம் நின்னாரு. தோள் பூட்டிக்கிச்சு! கை எறங்கவே இல்ல. வேன்ல ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். வழியெல்லாம் ஜனங்க டாட்டா காட்டுனாங்க! மூணு மாசம் அக்காதான் சட்டை மாட்டிவிட்டா. என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பேசல. பேண்டும் அதோட...

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஓ... மெயின் அணைஞ்சப்புறம் ஏது விளக்குன்னா?

...நல்லா மாட்டுனேன்.

பாத்தேன் சார். மேல் ஜன்னல் வெயில்ல அந்தக் கை பளிச்சுனு தெரிஞ்சுது. எங்க எந்தப் போட்டோவுலயும் என் தலைய ஒரு தாளத்தட்டு மறைச்சிருக்கும். அன்னிக்கு மொத தடவையா அறுபத்திரெண்டு பேரும் என்னையே பாக்கறாங்க. எண்ணுனேன் சார், அடிச்சுக்கிட்டே எண்ணுனேன்! எப்படி நிறுத்த? ஒரு தடவ மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வெளிச்சம் வெளிச்சம்னு சாதிச்சே பத்தொம்போது வருஷத்த...

ஐயையோ, இதென்ன கை? எப்ப சார் தூக்குனீங்க? வலிச்சுதா? இல்லியா? பின்ன எதுக்கு... ஓ. பேச்சை நிறுத்தவா?

எப்பலேருந்து? கலையரங்கத்துலேருந்தா? அதுக்கும் முன்னாடியா... தூங்குமூஞ்சிலேருந்தா!

சரி, நிறுத்தியாச்சு. இதோ, மெஷினையும் வச்சுட்டேன். கையை எறக்குங்க... மெதுவா... எறங்குதா? அப்பாடா! சார், ஒரே ஒரு உதவி. சாயங்காலம் மாமா வாசல்ல நிப்பாரு. 'அவன் பாத்தானாம், ஒத்துக்கிட்டான்'னு சொல்லுங்க. அப்புறம், 'நான் கை தூக்குனேன், நிறுத்திட்டான்'னும் சொல்லுங்க. எத்தனை நிமிஷம் கழிச்சுன்னு கண்டிப்பா கேப்பாரு...

அப்ப மட்டும், வாய் மரத்துப்போச்சுன்னு சைகை காட்டிடுங்க.